வழிமொழிய ஒரு கை

இந்தச் சிறு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும், சபையாருக்கும், எங்கள் தெருக்காரர்களுக்கும் என் வணக்கம். என் தங்கை கர்த்தருக்குள் இளைப்பாறி இன்றோடு ஓர் ஆண்டு நிறைகிறது. இப்படிப்பட்ட மலர்களில் இறந்தவர்கள் எல்லோரும் அன்பின் சிகரமாகவும் பண்பின் இமயமாகவும் இருப்பார்கள். நான் வருவாய்த்துறையில் முப்பத்தாறு ஆண்டுகள் கோப்பு பார்த்து ஓய்வு பெற்றவன். சிகரத்துக்கும் ஆதாரம் கேட்டே பழக்கம். ஆகவே எனக்கு நேரடியாகத் தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன். அதில் பெரும்பகுதி பயம்.

மலர்களில் இறந்தவரை ‘அவர்’ என்று எழுதுவது மரபு. என் தங்கையை அறுபத்தொரு வயதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை. ‘அது’ என்றார்கள், பிரியமுள்ளவர்கள் ‘அந்தப் புள்ள’ என்றார்கள். நானும் வேறு மாதிரி சொன்னவன் அல்ல. இங்கே மரபுப்படியே எழுதுகிறேன். தாமதமான பதவி உயர்வு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் பிறந்தது கீழ்பென்னாத்தூரில், அப்பா ஆசிரியராக இருந்த மிஷன் ஆரம்பப் பள்ளிக்குப் பின்னால் ஓர் ஓட்டு வீட்டில். எனக்கு அப்போது நான்கு வயது. மூன்று வயதுவரை அவர் நடக்கவில்லை. ஐந்து வயதில் முதல் சொல் வந்தது: “ண்ணா.” என்னைத்தான் கூப்பிட்டார் என்று பெருமைப்பட்டேன். அடுத்த வாரம் தபால்காரர் ண்ணா, பஸ் நடத்துநர் ண்ணா, எதிர்வீட்டு எருமையும் ண்ணா. இதற்கு ‘டவுன் சிண்ட்ரோம்’ என்று ஒரு பெயர் இருப்பதை அவருடைய முப்பதாவது வயதில்தான் ஒரு டாக்டர் சொன்னார். அதற்கு முன் ஊரார் வைத்திருந்த பெயர்கள் அச்சில் ஏற்றத் தக்கவை அல்ல.

ஊரார் காரணம் தேடினார்கள். பக்கத்து வீட்டார் போன பிறவியில் தேடினார்கள். நம்மவர்கள் இந்தப் பிறவியிலேயே தேடினார்கள், தப்பு அப்பாவிடமா அம்மாவிடமா என்று. பார்வையில்லாத ஒருவனைக் காட்டி ஆண்டவர் இயேசுவிடமே இந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் உண்டு. அவர் யார் மேலும் பழி எழுதாமல் அந்தக் கோப்பை மூடிவிட்டார் என்று அப்பா ஞாயிறு பள்ளியில் அழகாகச் சொல்லிக்கொடுப்பார். வீட்டுக்கு வந்ததும் அம்மாவைக் கேட்பார்: “நீ மாசமா இருந்தப்ப அந்த கிரகணத்தன்னைக்கு வெளிய போனியா?”

எனக்குப் பத்து வயதானபோது திருவண்ணாமலைக்கு வந்தோம். தங்கையைப் பள்ளியில் சேர்க்க அப்பா இரண்டு முறை முயன்றார், அதுவும் அவர் வேலை பார்த்த பள்ளியிலேயே. இரண்டு முறையும் ஒரு வாரம் தாங்கவில்லை. அதன்பின் அவருக்கு வீடும் ஆலயமும்தான் உலகம். பௌர்ணமி வந்தால் எங்கள் தெரு கிரிவலக் கூட்டத்தில் மூழ்கிவிடும். அன்று அம்மா வாசல் கேட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வார். கேட்டுக்கு உள்ளே நின்றபடி தங்கை போகிறவர்கள் எல்லோருக்கும் ண்ணா சொல்வார். சிலர் திரும்பிக் கும்பிடுவார்கள். அம்மாவுக்கு அதுவும் பயம்தான்.

அவருக்கு ஒரு திறமை இருந்தது. ஆலய வாசலில் கழற்றிவிடும் செருப்புகளை ஜோடி சேர்த்து வரிசையாக வைப்பார். ஆராதனை முடிந்து வருகிறவர்களின் முகத்தைப் பார்த்து, அவரவர் செருப்பை எடுத்துக் கொடுப்பார். ஒருமுறைகூட மாறியதில்லை. நூற்றைம்பது பேரை முகத்தோடு காலோடு சேர்த்துத் தெரிந்துவைத்திருந்தவர் நம் சபையில் அவர் ஒருவர்தான். பதினொரு வருடம் சபைச் செயலராக இருந்தும் எனக்குப் பாதிப் பேரைச் சந்தா ரசீதில்தான் தெரியும்.

எங்கள் சபையில் பதினைந்து வயதில் திடப்படுத்தல். ஆறு மாதம் வகுப்பு, பிறகு ஆயர் முன்னால் கேள்வி பதில். தேறியவர்களே திருவிருந்தில் அப்பமும் திராட்சை இரசமும் பெறலாம். கிறிஸ்தவரல்லாத நண்பர்களுக்காக ஒரு வரி: அதுதான் எங்களுக்குப் பந்தி. அதில் உட்காராதவர் வீட்டுக்குள் இருந்தும் சாப்பிட அழைக்கப்படாதவர்.

தங்கையின் முறை வந்தபோது அப்பா அவரையும் வரிசையில் நிறுத்தினார். அப்போதிருந்த வயதான ஆயர் கேள்வி கேட்டார். தங்கை அவருடைய தாடியைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தார்.

“அடுத்த வருஷம் பாப்போம் வாத்தியாரே,” என்றார் ஆயர்.

அடுத்த வருடம் என்றால் என்ன பொருள் என்று அப்பாவுக்குத் தெரியும். வாத்தியார் அல்லவா, பிள்ளைகளை அவரும் அப்படித்தான் ஃபெயில் ஆக்குவார். அன்று வீட்டில் அம்மாவிடம் சொன்னார்: “புரியாம வாங்கினா அது ஆக்கினையாயிடும். அந்தப் பாரம் அதுக்கு எதுக்கு?” ஆக்கினை, அதாவது தேவ தண்டனை, என்ற சொல்லை அவர் தாழ்ந்த குரலில் சொன்னார். எனக்குப் பத்தொன்பது வயது. அந்தச் சொல் எனக்குள் இறங்கி அங்கேயே தங்கிவிட்டது.

முதல் சில ஞாயிறுகளில், நாங்கள் திருவிருந்துக்கு எழுந்தபோது தங்கையும் பின்னாலேயே வந்து முழங்காலிட்டுக் கையை நீட்டினார். ஆயர் அந்தக் கையைத் தாண்டி அடுத்த கைக்குப் போனார். பிறகு தங்கை வருவதை நிறுத்திக்கொண்டார். நாங்கள் எழும்போது முன்பெஞ்சின் முதுகை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொள்வார். திரும்பி வந்து உட்கார்ந்த பின்னரே விடுவார். நாற்பத்தைந்து வருடம்.

அப்பா போனார். எட்டு வருடம் கழித்து அம்மாவும் போனார். அப்பாவை அடக்கம் செய்த அன்றே அம்மா கல்லறைத் தோட்டத்தில் நின்று சொல்லியிருந்தார்: “எனக்கு இந்தப் பக்கம். அதுக்கு அடுத்து ஒரு ஆள் எடம் விட்டுருங்க. அது தனியாப் படுக்காது.” உண்மைதான். தங்கை தனியாகப் படுத்ததே இல்லை. அம்மாவுக்குப் பின் என் மனைவியோடு, மனைவி காலமான பின் என் கட்டிலுக்குப் பக்கத்துக் கட்டிலில். அந்த இடம் அம்மாவின் கல்லறைக்குப் பக்கத்தில் காலியாகவே இருந்தது.

நான் உரிய படிவங்களை எல்லாம் வாங்கினேன். அரசு மருத்துவமனையில் எண்பது சதவீதம் ஊனம் என்று சான்று கொடுத்தார்கள். மீதி இருபது எது என்று நான் கேட்கவில்லை. சட்டப்பூர்வப் பாதுகாவலர் என்று ஆட்சியர் அலுவலகத்தில் உத்தரவு வாங்கினேன். ஆனால் பாதுகாவலருக்கு மாரடைப்பு வந்தால் என்ன என்பதற்குப் படிவம் கிடையாது. என் மனைவி கடைசி நாட்களில் கேட்டது அதைத்தான்: “எனக்கப்புறம் நீங்க. உங்களுக்கப்புறம்?” மகன் வெளிநாட்டில். அதன்பின் என் நெஞ்சில் ஏற்பட்ட ஒவ்வொரு சிறு வலிக்கும் நான் பயந்தது எனக்காக அல்ல.

இனி என் தவறு. செயலராக இருந்தபோது சபையின் துணைவிதிகளைத் திருத்தி எழுதினேன். கல்லறைத் தோட்டத்தில் இடம் கம்மியாகிக்கொண்டே வந்தது. வருடக்கணக்கில் ஆலயப் பக்கம் வராமல் பெட்டியில் மட்டும் வந்து சேருகிறவர்கள் ஜாஸ்தியானார்கள். அவர்களைத் தடுக்கப் பதினான்காம் விதி எழுதினேன். பதினெட்டு வயது நிறைந்தும் திருவிருந்து பெறும் அங்கத்தினராகாதவரும், தொடர்ந்து மூன்றாண்டு திருவிருந்து பெறாதவரும் நம் தோட்டத்தில் அடக்கம் செய்யப்படத் தகுதியற்றவர். எக்காரணம் கொண்டும் விலக்கு இல்லை. முதல் பகுதி தேவையே இல்லை, விதி முழுமையாகத் தெரியட்டும் என்று சேர்த்தது. அதை எழுதும்போது தங்கை பக்கத்தில் உட்கார்ந்து என் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

விதி வந்த மூன்றாம் வருடம் எஸ்தரம்மா என் வீட்டுக்கு வந்தார். செங்கம் சாலையில் இட்லிக்கடை வைத்திருக்கும் விதவை. அவர் மகன் ஆட்டோ ஓட்டியவர், குடித்தவர், ஐந்தாறு வருடமாக ஆலயத்துக்கு வராதவர். அன்று காலையில் இறந்திருந்தார்.

“அவங்க அப்பா பக்கத்துல வெக்கணும் சார். வேற ஒண்ணும் கேக்கல.”

“விதி இருக்கே எஸ்தரம்மா.”

“விதி போட்டவங்களே நீங்கதான சார்.”

“போட்டவங்களுக்கும் சேத்துதான் விதி,” என்றேன். உள்ளே போய்ப் புத்தகத்தை எடுத்துவந்து பதினான்கை வாசித்துக் காட்டினேன். அவர் படித்தவர் இல்லை. காதால் கேட்டுவிட்டு எழுந்து போனார். மகனை நகராட்சி மயானத்தில் வைத்தார்கள். விதியை முகத்துக்காக வளைக்காதவன் என்று அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

சென்ற ஆண்டுக்கு முந்தைய ஆண்டு தங்கைக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. கால்கள் வீங்கின. வேலூருக்கு அழைத்துப் போனேன். டாக்டர் அறைக்கு வெளியே கூப்பிட்டுச் சொன்னார்: “இதயம் ரொம்ப வீக்கா இருக்கு சார். மருந்து குடுக்கறேன். எவ்ளோ நாள்னு மட்டும் கேக்காதீங்க.”

எனக்கு முதலில் வந்தது துக்கம் அல்ல. அப்பாடா, எனக்கு முன்னால் இவர் என்ற நிம்மதி. இப்படி ஒருவரைப் பார்த்துக்கொள்கிறவர்கள் இதை வாசித்தால் அவர்களுக்குப் புரியும். மற்றவர்களிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. பஸ் போளூரைத் தாண்டியபோது அந்த நிம்மதி போயிற்று. தங்கை என் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். அம்மாவுக்குப் பக்கத்து இடத்தை நினைத்தேன். உடனே பதினான்காம் விதி, அரைப்புள்ளி உட்பட, கண்முன் வந்து நின்றது. பதினெட்டு வயது நிறைந்தவர். திருவிருந்து பெறாதவர். எக்காரணம் கொண்டும். ஊர் வந்து சேரும்வரை அதில் ஓர் ஓட்டை தேடினேன். நான் எழுதியது, ஓட்டை இல்லை.

ஓசைப்படாமல் செய்துவிடலாமே, யார் கேட்கப் போகிறார்கள் என்று உறவினர் சிலர் சொன்னார்கள். கேட்க வேண்டியவர், எஸ்தரம்மா, ஞாயிறுதோறும் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவர் கேட்கமாட்டார் என்பதுதான் இன்னும் பயமாக இருந்தது.

ஒரே வழி, தங்கையைத் திடப்படுத்தல் பரீட்சையில் தேறவைப்பது. நாற்பது நாள் ஒரே ஒரு கேள்வியைப் பழக்கினேன். “உன்ன உண்டாக்கினது யாரு?” “சாமி.” சரியாகச் சொன்னால் ஒரு பிஸ்கட். வீட்டில் தவறாமல் சொன்னார்.

புதிதாக வந்திருந்த ஆயர் இளைஞர். அவரோடு மூப்பர் ஒருவர், ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், என் பழைய நண்பர். ஆலய அலுவலக அறையில் நால்வரும் உட்கார்ந்தோம்.

“அண்ணே, ‘தேறியவர்’னு நீங்கதான் எழுதியிருக்கீங்க,” என்றார் மூப்பர். “தேறியவர்னா தேறணும். பாஸ் மார்க்குக்கு நான் பொறுப்பில்ல.”

ஆயர் தங்கையின் பக்கம் குனிந்தார். “உங்கள உண்டாக்கினது யாருங்க?”

தங்கை ஆயரின் வெறுங்கையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “பிஸ்கட்டு,” என்றார்.

மூப்பர் சிரித்தார். அவர் சிரித்ததால் தங்கையும் சிரித்தார். ஆயர் சிரிக்கவில்லை. வேறு கேள்வி கேட்டார்: “திருவிருந்து வேணுமாம்மா உங்களுக்கு?”

திருவிருந்து என்ற சொல் காதில் விழுந்ததும் தங்கை மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். விரல் நுனிகள் வெளுத்தன.

“எதுக்கு சார் இப்படிப் பிடிக்கறாங்க? பயப்படறாங்களா?”

நான் விளக்கினேன்: எழாமல் இருப்பதற்காகப் பிடிக்கிறார், ஆலயத்திலும் இப்படித்தான் என்று. ஆயர் அந்தக் கைகளைப் பார்த்தார்.

“அப்ப இவங்களுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்ல முடியாது சார். ஒண்ணு நல்லாத் தெரியுது. இது நமக்கில்லன்னு தெரியுது. அத யாரு சொல்லிக் குடுத்தது?”

சொல்லிக்கொடுத்தது நான். இதுவரை யாரிடமும் சொல்லாதது இது. எனக்குப் பத்தொன்பது வயதில், நீட்டிய கையை ஆயர் தாண்டிப் போன நான்காவது ஞாயிறு, பின்பெஞ்சில் என் கல்லூரி நண்பன் பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்த வாரம் நாங்கள் எழுவதற்கு முன் தங்கையின் இரண்டு கைகளையும் எடுத்து முன்பெஞ்சின் மேல் வைத்து அழுத்தினேன். “இதப் புடிச்சுக்கோ. விட்டா சாமி அடிக்கும்.” ஒரே ஒரு முறைதான் சொன்னேன். வகுப்பு வைக்கவில்லை, பிஸ்கட் கொடுக்கவில்லை. ஒரே முறையில் தேறிவிட்டார்.

அறையில் இதைச் சொல்லி முடித்ததும் மூப்பர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆயர் சொன்னார்: “சிலுவைக்கு அனுப்பறதுக்கு முன்ன தேசாதிபதி நிறுத்திக் கேட்டப்ப நம்ம ஆண்டவரும் வாயத் தொறக்கல சார். தேறலன்னு எழுதிடலாமா?” பிறகு, “மனுஷன் பதில் சொன்னப்புறம் தேவன் தன்னோட சாயல அவனுக்குக் குடுக்கல. மண்ணா இருக்கும்போதே குடுத்துட்டாரு. ஆனா உங்க விதிய நான் மீற முடியாது. பொதுக்கூட்டம்தான் மாத்தணும். நீங்க எழுதுங்க.”

எழுதினேன். ஞானஸ்நானம் பெற்ற எவரும், கேள்விக்குப் பதில் சொல்ல இயன்றாலும் இயலாவிட்டாலும், திருவிருந்துக்கும் அடக்கத்துக்கும் உரியவர். இன்று முதல் அமல். ஒரு பத்திதான். ஆனால் துணைவிதித் திருத்தத்துக்கு இருபத்தொரு நாள் முன்னறிவிப்பு வேண்டும். முன்பு அவசரக் கூட்டத்துக்கு வழி இருந்தது. அவசரத்தில் செய்யும் மாற்றம் ஆபத்து என்று அதை நீக்கியவன் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்த இருபத்தொரு நாளை எப்படிக் கழித்தேன் என்று முழுதும் எழுத முடியாது. விடியற்காலையில் கண் விழித்ததும் பக்கத்துக் கட்டிலில் மூச்சு கேட்கிறதா என்று என் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்பேன். கேட்டதும் நாட்காட்டியில் தாளைக் கிழிப்பேன். தங்கைக்கு அந்தச் சத்தம் பிடிக்கும். “ண்ணா, இன்னொண்ணு,” என்பார். எனக்கும் அதே ஆசைதான்.

பன்னிரண்டாம் நாள் பௌர்ணமி. பிற்பகல் மூன்று மணிக்கு அவர் உதடு நீலமாயிற்று. ஆம்புலன்ஸ் உடனே வந்தது. ஆனால் சாலை முழுக்க மனிதத் தலை, போலீஸ் தடுப்புக்கு அந்தப் பக்கமே வண்டி நின்றுவிட்டது. நான் அவரைத் தூக்க முயன்றேன். என் முதுகு விடவில்லை. கேட்டைத் திறந்து வெளியே ஓடி, முன்பின் தெரியாத மனிதர்களின் கையைப் பிடித்தேன். வெறுங்காலோடு கிரிவலம் வந்த நான்கு பேர், ஆரணிப் பக்கம் நெசவாளர்கள் என்று பிறகு சொன்னார்கள், எங்கள் பிளாஸ்டிக் நாற்காலியோடு அவரைத் தூக்கினார்கள்.

“தாத்தா, நீங்க முன்னாடி வழி கேட்டுக்கினே போங்க. நாங்க வந்துகினே கீறோம்.”

“வழி விடுங்க, வழி விடுங்க” என்று கத்தியபடி நான் போனேன். கூட்டம் பிளந்தது. திரும்பிப் பார்த்தால் நாற்காலியில் தங்கை நீல உதட்டோடு இரண்டு பக்கமும் பார்த்து ண்ணா, ண்ணா என்று முனகுகிறார். ஒரு கிழவி அவர் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எனக்குள் ஒரே எண்ணம்: இன்னும் ஒன்பது நாள். ஆண்டவரே, ஒன்பதே நாள். அந்த நால்வரில் யாரும் அவர் எந்தச் சபை, எத்தனை சதவீதம் என்று கேட்கவில்லை. ஆம்புலன்ஸ் கதவு மூடியதும் தங்கள் வழியில் நடந்துவிட்டார்கள். நான்கு நாள் ஆக்சிஜனில் இருந்து தங்கை வீடு திரும்பினார்.

இருபத்திரண்டாம் நாள் ஞாயிறு, ஆராதனை முடிந்து பொதுக்கூட்டம். தங்கை சக்கர நாற்காலியில் ஓரமாக. நான் எழுந்து தீர்மானத்தை முன்மொழிந்தேன்.

“வழிமொழிபவர்?” என்று கேட்டார் இப்போதைய செயலர்.

யாரும் அசையவில்லை. வழிமொழிவார் இல்லையென்றால் தீர்மானம் விவாதமின்றி வீழும். அதுவும் என் கையெழுத்துதான். அவர்கள் கெட்டவர்கள் அல்லர். நம் சபையில் பாட்டுக்கு எல்லோரும் எழுவார்கள், தீர்மானத்துக்கு முதல் கையை மட்டும் யாரும் தூக்க மாட்டார்கள். அதோடு, நான் யார் யாருக்கெல்லாம் விதியை வாசித்துக் காட்டினேன் என்று எல்லோருக்கும் நினைவிருந்தது. மூப்பர் தலையைக் குனிந்துகொண்டார். செயலர் இரண்டாம் முறை கேட்டார். மூன்றாவது முறைதான் கடைசி.

மூன்றாவது பெஞ்சில் ஒரு கை எழுந்தது. எஸ்தரம்மா.

“உங்களுக்காகத் தூக்கல சார்,” என்றார், என்னைப் பார்க்காமல். பிறகு சபையிடம் சொன்னார்: “எம்புள்ள செத்தன்னைக்கு இவரு வூட்டுக்குப் போனேன். இவரு பொஸ்தகம் எடுக்க உள்ள பூட்டாரு. அந்தப் புள்ள வந்து எம்பக்கத்துல உக்காந்துச்சு. எங்கையப் புடிச்சினு அழுதுச்சு. இன்னாத்துக்கு அழுவறோம்னு அதுக்குத் தெரியல. ஆனா அழுதுச்சு. அன்னிக்கி இந்த சபையில எங்கூட அழுதது அது ஒண்ணுதான். எழுதிக்கோங்க, எஸ்தர் வழிமொழியறேன்னு.”

அதன்பின் கைகள் எழுந்தன. தீர்மானம் நிறைவேறியது. வெளியே வந்ததும் அவரிடம் போனேன். நன்றி சொல்வதற்குள் அவரே கேட்டார்: “இது முன்னாடி போனவங்களுக்கும் உண்டா சார்?”

“இன்று முதல்னு எழுதியிருக்கு எஸ்தரம்மா. பின்னோக்கிப் போக வழியில்ல,” என்றேன். பழக்கதோஷம். அவர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த ஞாயிறு திருவிருந்து. தங்கை பெஞ்சைப் பிடித்துக்கொண்டார். ஆயர் தட்டோடு இறங்கி அவரிடமே வந்து நின்றார். கைகள் விடவில்லை. நான் முழங்காலிட்டு அந்த விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினேன். “சாமி அடிக்காதும்மா. அண்ணன் பொய் சொல்லிட்டேன்.” பத்து விரலுக்கும் நேரமாயிற்று. சபை காத்திருந்தது. அப்பாவின் அந்தத் தாழ்ந்த குரல் எனக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது. துப்பிவிடுவாரோ, கீழே போட்டுவிடுவாரோ என்று என் உள்ளங்கையை அவர் வாய்க்குக் கீழே ஏந்தினேன். தங்கை மென்று விழுங்கினார். ஆயரை நிமிர்ந்து பார்த்து, “ண்ணா, இன்னொண்ணு,” என்றார். இரண்டாவது துண்டு கொடுக்க முறையில் இடமில்லை. ஆயர் கொடுத்தார்.

அப்படி நான்கு முறை பெற்றார். ஐந்தாவதுக்கு முந்தைய வியாழக்கிழமை, காலையில் காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போதே தலை சாய்ந்தது. மணி அடித்தார்கள். அம்மாவுக்குப் பக்கத்தில் வைத்தோம்.

அவரைத் தூக்கிய நான்கு நெசவாளர்களுக்கும், பெயர் கேட்காமல் விட்டதற்கு மன்னிப்போடு, நன்றி. வேலூரிலும் இங்கும் மருத்துவம் பார்த்தவர்களுக்கும், அவரைக் குளிப்பாட்டித் தலை பின்னிவிட்ட எதிர்வீட்டு அம்மாளுக்கும், விரல்கள் பிரியும்வரை காத்திருந்த ஆயருக்கும், அடக்கத்தன்று செருப்புகளை ஜோடி சேர்த்து வைத்த மூப்பருக்கும் நன்றி.

வாசிப்பவர்களில் சபையார் இருப்பதால் இதையும் இங்கேயே தெரிவிக்கிறேன். வரும் ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு ஒரு தீர்மானம் கொடுத்திருக்கிறேன். இருபத்தொரு நாள் முன்னறிவிப்பும் அனுப்பியாயிற்று. தீர்மானம் இது: பதினான்காம் விதி எழுதப்பட்ட நாளிலிருந்தே செல்லாது. அதனால் வெளியே வைக்கப்பட்டவர் பெயர் நம் அடக்கப் பதிவேட்டில் ஏறவேண்டும். அவர் தந்தையின் கல்லிலும் பொறிக்கப்படவேண்டும். இதை எழுத அவர் பெயர் எனக்குத் தேவைப்பட்டது. ஏழு வருடமாக எனக்கு அது தெரியாது. இட்லிக்கடைக்குப் போய்க் கேட்டேன். “சாமுவேலு,” என்றார் எஸ்தரம்மா. “வூட்ல சாமு.”

இந்த முறை நீங்கள் கை தூக்கக்கூடாது என்று அவரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். வேறு யாராவது தூக்கவேண்டும். முன்மொழிய நான் நிற்பேன். வாசித்து முடித்ததும் அறை அமைதியாகும், செயலர் மூன்று முறை கேட்பார். எனக்கு இப்போதே பயமாக இருக்கிறது. முதல் முறையிலேயே தூக்குங்கள்.